எண்ணத்தைப் படிக்கும் தொப்பியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மூளை-கணினி இடைமுகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மண்டையைத் திறக்காமல், தலையில் மாட்டும் கருவி பிடிக்கும் மூளைச் சமிக்ஞையாலேயே கணினியை இயக்க முடியும் என்பதை எளிமையாக விளக்கியிருந்தார்கள். ஆனால் ‘மனதில் நினைப்பதை அப்படியே படித்துவிடும்’ என்று ஒரு வரி வருகிறதே, அது உறுத்துகிறது.

தலைத்தோலில் கிடைக்கும் மூளைச் சமிக்ஞை சில பத்து மைக்ரோவோல்ட்தான். கண்ணைச் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ எழும் சமிக்ஞை அதை எளிதாக அமுக்கிவிடும். மூளை நகர்த்தியதாக நாம் வாய்பிளந்து பார்க்கும், கணினித் திரையின் அம்புக்குறியை நெற்றிச் சுளிப்பு நகர்த்தியிருக்கவும் வாய்ப்புண்டு.

உண்மையில் நடப்பது வேறு. 1988இல் ஃபார்வெல், டோஞ்சின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டிய முறையையே பாருங்கள். திரையில் எழுத்துக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் மாறிமாறி மின்னும். நாம் மனதில் குறித்துவைத்த எழுத்து மின்னியதும், ஏறக்குறைய 300 மில்லிசெகண்ட் கழித்து மூளை அலையில் சின்ன மேடு எழும். அதைப் பிடித்துத்தான் எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே தடவையில் நம்ப முடியாது என்பதால் பலமுறை மின்னவிட்டுச் சராசரி எடுப்பார்கள். பேச முடியாத ஒருவருக்கு இதுவே பெரிய விஷயம்தான். ஆனால் எண்ணத்தைப் படிப்பது என்று இதைச் சொல்ல முடியாது.

வடிவமைப்பை எவரும் பார்க்கக்கூடிய திறந்த மூலக் கருவிகளைப் பற்றிக் கட்டுரை சொன்னதெல்லாம் ‘விலை குறைவு’ என்பது மட்டுமே. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சரிபார்க்க முடியும் என்பது. 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டிய ஓபன்பிசிஐ நிறுவனம், தன் சர்க்யூட் வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவைத்தது. அவர்களின் சைட்டன் என்ற மின்சுற்றுப் பலகை 8 சேனல்களில் நொடிக்கு 250 மாதிரிகள் வீதம் கச்சா சமிக்ஞையை, அதாவது எதையும் வடிகட்டாத மூலப் பதிவை, அப்படியே கொடுக்கிறது. பின்தலையில் எலெக்ட்ரோடு (சமிக்ஞையைப் பிடிக்கும் மின்முனை) வைத்துக் கண்ணை மூடிப் பாருங்கள்: பெரும்பாலானவர்களுக்கு 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஆல்ஃபா அலை தெளிவாக உயரும். அப்புறம் பல்லைக் கடித்தால் திரை முழுக்கக் கிறுக்கலாகிவிடும். எது மூளை, எது தாடை என்று நம் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ‘உங்கள் கவனம் 70’ என்று எண்ணை மட்டும் நீட்டும் மூடிய கருவியிடம் இதைக் கேட்க வழியில்லை.

இதெல்லாம் மாட்டினவுடன் ஓடும் சமாசாரமும் இல்லை. முடியை விலக்கி, ஜெல் தடவி, எலெக்ட்ரோடு சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பொறுமை போய்விடும். கட்டுரையில் அந்தப் பாடு ஒரு வரிகூட இல்லை!

இன்னொன்று, வடிவமைப்பு திறந்திருக்கலாம், மூளைப் பதிவு அப்படி இருக்கக்கூடாது. சிலி நாடு 2021இல் மூளைத் தரவுகளின் பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே சேர்த்துவிட்டது. அதைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு கருவியை அறிமுகப்படுத்தும்போது, கச்சா சமிக்ஞையைப் பயன்படுத்துபவருக்குத் தருவீர்களா, கண் சிமிட்டலை எப்படி நீக்குகிறீர்கள் என்று தயாரிப்பாளரிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்