‘பிரின்சஸ் டூட்டூ’வில் அந்த வாத்துக்கு என்ன கிடைத்தது? – அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

‘பிரின்சஸ் டூட்டூ’ என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்து முடித்துவிட்டு நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. “26 பாகமும் அழ வைத்துவிட்டு, கடைசியில் அந்தப் பெண்ணை மறுபடி வாத்தாகவே விட்டுவிட்டார்களே, இதைப் போய் நம்பிக்கை தரும் கதை என்று எப்படிச் சொன்னீர்கள் சித்தி?” என்று கேட்டிருக்கிறாய். உன் கோபம் நியாயமானதுதான். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதாலும், இதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கும் என்பதாலும், உன் சம்மதத்துடன் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். தொடரைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

முதலில், இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள். 2002இல் தொடங்கி 2003இல் முடிந்த தொடர் இது. மூலக்கருத்தும் பாத்திர வடிவமைப்பும் இக்குகோ இதோவுடையவை. தலைமை இயக்கம் ஜூனிச்சி சாத்தோ. இருவருமே ‘செய்லர் மூன்’ தொடரில் வேலை பார்த்தவர்கள். அதாவது, மேஜிக்கல் கேர்ள் வகையின் வாய்பாட்டை உருவாக்கிய கைகளே அந்த வாய்பாட்டைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்த தொடர் இது. இந்த வகையில் வழக்கமாக ஒரு சாதாரணப் பெண் உருமாறுவாள், ஒளிக்கதிர் எய்வாள், எதிரி அழிவான். இங்கே நாயகி டூட்டூவிடம் ஆயுதம் எதுவுமே கிடையாது. துயரத்திலோ பயத்திலோ சிக்கிக் கிடப்பவர் முன் வந்து நிற்பாள்; இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, ஒன்றையொன்று சுற்றிச் சுழற்றி, பிறகு ஒரு கையை எதிரில் இருப்பவரை நோக்கி நீட்டுவாள். நம் பரதத்தின் முத்திரைகளைப் போல பாலேவிலும் சைகைகள் உண்டு. அந்தச் சைகைக்கு ‘என்னோடு ஆட வருகிறாயா’ என்று பொருள். எதிரில் இருப்பவர் மறுக்கலாம். அந்த உரிமையை அவரிடம் விட்டுவைத்துத்தான் அவள் கையை நீட்டுகிறாள் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள், பிறகு வருகிறேன்.

இனி விதி. நாம் அன்றாடம் புலம்புகிற தலையெழுத்துக்கு முகம் கிடையாது. யாரைப் பிடித்துச் சண்டை போடுவது என்றும் தெரியாது. இந்தத் தொடரில் விதிக்கு ஒரு பெயரும் குரலும் பெரிய தொப்பியும் உண்டு. ட்ரோசல்மேயர் என்ற அந்தக் கதாசிரியன், எழுதியதெல்லாம் நடந்துவிடும் ஆற்றல் பெற்றவன். அந்த ஆற்றலுக்கு அஞ்சியவர்கள் அவன் கைகளை வெட்டியும், தான் செத்த பிறகும் கதை ஓடிக்கொண்டே இருக்க வழி செய்துவிட்டுப் போனவன். ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மன் 1816இல் எழுதிய நட்கிராக்கர் கதையில் பொம்மைகளும் கடிகாரங்களும் செய்யும் பெரியவரிடமிருந்து எடுத்த பெயர் அது. பற்சக்கரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, மதில் சூழ்ந்த ஒரு ஜெர்மானியச் சிறுநகரத்தின் மக்கள் எல்லோரையும் அவன் வேடிக்கை பார்க்கிறான். அந்த ஊரில் பூனை பாலே சொல்லித்தருகிறது, முதலை வகுப்புக்கு வருகிறது, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. (சொன்னபடி கேட்காவிட்டால் கல்யாணம் செய்துகொள்வேன் என்று பூனை வாத்தியார் மாணவிகளை மிரட்டுவது முதல் இரண்டு முறை சிரிப்பைத் தந்தது, அதற்குப் பிறகு எனக்குச் சலித்துவிட்டது.) யாரும் மதிலைத் தாண்டி வெளியே போவதில்லை, போகவில்லை என்ற நினைப்பும் யாருக்கும் இல்லை.

ட்ரோசல்மேயரைக் கவனித்தால், அவனுக்கு யார்மீதும் பகை இல்லை என்பது தெரியும். அவனுக்கு வேண்டியது சுவை. எல்லோரும் நல்லபடியாக இருந்தால் கதை சப்பென்று ஆகிவிடும் என்பதால் துயரத்தைக் கேட்கிறான். அவன் முடிக்காமலே விட்டுச் செத்த மூலக்கதையில் இளவரசனும் அரக்கக் காக்கையும் ஓயாமல் மோதுகிறார்கள்; கதைக்கு வெளியே தப்பிய காக்கையை, இளவரசன் தன் இதயத்தைத் துண்டுதுண்டாக உடைத்து அடைக்கிறான். வீரன் எதையும் சாதிக்காமல் இரண்டாகக் கிழிபட்டுச் சாகிறான். டூட்டூ என்ற இளவரசி, இளவரசனிடம் காதலை வாய்திறந்து சொன்ன கணமே ஒளிப்பொட்டாகி மறைகிறாள். ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னி நுரையாகிப் போனாளே, அவளுடைய தங்கை இவள்.

இந்த ஓலையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் அஹிரு கதைக்குள் நுழைகிறாள். அவள் வாத்து. ட்ரோசல்மேயர் கொடுத்த பதக்கத்தால் பெண்ணானவள். வாய் தவறி ‘க்வாக்’ என்றால் மறுபடி வாத்து. தண்ணீர் பட்டால் மறுபடி பெண். பாலே பள்ளியில் அவள் கடைநிலை மாணவி. இவள்தான் டூட்டூவாக மாறி, இளவரசன் மைத்தோவின் இதயத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் தருகிறாள். முதல் பருவத்தின் நடுப்பகுதி ‘வாரம் ஒரு துண்டு’ என்று ஓடுவதை நானும் மறுக்கவில்லை. நடனக் காட்சிகளில் பல இடங்களில் படம் அசையாமல் நிற்பதும் உண்மை. ஆனால் 13ஆம் பாகத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே.

அதை நீ வேகமாகக் கடந்துவிட்டாய் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உன் செய்தியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அரக்கக் காக்கையிடம் வளர்ந்த ரூ, காக்கை இளவரசி க்ரேஹேவாக மாறி வைக்கும் நிபந்தனை எளிமையானது: உன் காதலைச் சொல், மைத்தோவை விடுகிறேன். சொன்னால் டூட்டூ மறைவாள், சொல்லாவிட்டால் மைத்தோ போய்விடுவான். ட்ரோசல்மேயருக்கு இரண்டும் லாபம். அப்போது டூட்டூ வாயைத் திறப்பதில்லை, ஆடத் தொடங்குகிறாள். அதுவும் இருவர் சேர்ந்து ஆடவேண்டிய பா த டூவைத் தனியாக. துணைவன் இடையைப் பிடித்துத் தாங்க வேண்டிய இடங்களில் தாங்க ஆளில்லை, தூக்க வேண்டிய இடங்களில் தூக்கக் கை இல்லை. அந்த வெற்றிடங்களோடு சேர்த்தே ஆடுகிறாள், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மைத்தோவின் மனம் அசைந்து கொடுக்கிறது. சொன்னால் மறைவாய் என்றுதானே எழுதியிருந்தது, ஆடினால் என்ன ஆகும் என்று எழுதவில்லையே! கதையின் எழுத்தை மீறாமலே கதையை மீறிவிட்ட இந்தச் சாமர்த்தியத்தை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அதே பாகத்தில்தான் எடெல் தன்னையே எரித்து வெளிச்சம் தருகிறாள். அவள் ட்ரோசல்மேயரின் மரப்பாவை. கதையை அவனுக்கு வேண்டிய திசையில் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டவள். உயிரே இல்லாத மரம், தன்னைச் செய்தவனின் விருப்பத்துக்கு எதிராக ஒரு காரியம் செய்கிறது. இந்தத் தொடரில் விதியை முதலில் எதிர்த்து முழு விலையும் கொடுத்தவள் அவள்தான் என்பது என் எண்ணம். எதிர்ப்பது இளவரசிக்கும் வீரனுக்கும் மட்டுமே உரிய வேலை என்று இந்தத் தொடர் நினைக்கவில்லை என்பதற்கு அவளே சாட்சி.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இளவரசனின் இதயத்தின் கடைசித் துண்டு அஹிருவின் கழுத்துப் பதக்கம்தான் என்று தெரிகிறது. அதைக் கழற்றினால் அவள் நிரந்தரமாக வாத்து. ‘இதைத்தான் விதிக்குப் பணிவது என்கிறோம்’ என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் வாத்தாகப் பிறந்தது ட்ரோசல்மேயரின் எழுத்து அல்ல. அவள் பெண்ணானதுதான் அவனுடைய எழுத்து. டூட்டூ என்ற வேடம் அவனுடையது, அந்த வேடத்துக்குரிய சாவும் அவனுடையது. பதக்கத்தைக் கழற்றும்போது அவள் திருப்பித் தருவது அவன் கொடுத்த வேடத்தை. ஆண்டர்சனின் 1843ஆம் ஆண்டுக் கதையில், எல்லோரும் இகழ்ந்த அழகற்ற வாத்துக்குஞ்சு கடைசியில் அன்னமாக வளர்ந்து மதிப்புப் பெறுகிறது. இங்கே அன்னமாக ஆடிய ஒருத்தி, விரும்பி வாத்தாகிறாள். அன்னமானால்தான் மதிப்பு என்ற அந்தப் பழைய ஏற்பாட்டின் மீதே இந்தத் தொடருக்குச் சந்தேகம் இருக்கிறது.

அதற்காக அது எளிதாக நடந்துவிட்டது என்று தொடர் பொய் சொல்வதில்லை. பதக்கம் கழல மறுக்கிறது, ஏனென்றால் அவளுக்குப் போக மனமில்லை. துயர ஏரியின் அடியில், மூலக்கதையின் வீரன் வேடம் வாய்த்த ஃபக்கீர் அவளோடு ஆடி, உன் உண்மையான உருவத்துக்குத் திரும்பு, நான் என்றும் உன் அருகில் இருப்பேன் என்று சொன்ன பிறகுதான் அது கையோடு வருகிறது. இங்கே ஃபக்கீரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தொடரின் உயிர் அவனிடம்தான் இருக்கிறது. ட்ரோசல்மேயரின் வம்சத்தில் வந்தவன் அவன். அவன் எழுதினாலும் நடக்கும். சிறுவயதில் எழுதிய கதையால் பெற்றோரைக் காக்கைகளுக்குப் பறிகொடுத்து, பேனாவையே தொடாமல் இருந்தவன். இரண்டாம் பருவத்தில் மறுபடி எழுத உட்காரும்போது, அவனால் ஒருத்தியைப் பற்றி மட்டும்தான் எழுத முடிகிறது. அஹிருவைப் பற்றி. ட்ரோசல்மேயர் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டு அவளுடைய அழிவை எழுத வைக்கும்போது, ஃபக்கீர் தன் கையில் தானே கத்தியை இறக்கி எழுத்தை நிறுத்துகிறான்.

கடைசிச் சண்டையில் அவன் என்ன எழுதுகிறான் என்று மறுபடி பார். ஊர்மக்களே காக்கைகளாக மாறி அந்தச் சிறிய வாத்தைக் கொத்திக் குதறுகிறார்கள். ‘வாத்து வென்றது’ என்று அவன் எழுதிவிட்டிருக்கலாம், எழுதவில்லை. அவள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஆடினாள் என்றுதான் எழுதுகிறான். இறகு பிய்ந்து, இறக்கை தொங்கி, பாலே என்று சொல்லவே முடியாத ஒரு தள்ளாட்டத்தை அவள் ஆடுகிறாள். அவன் எழுதியதால் அவள் எழுந்தாளா, அவள் எழுந்ததால் அவன் எழுதினானா என்பதைத் தொடர் பிரித்துச் சொல்வதே இல்லை. பிரிக்க முடியாதபடி காட்சிகளை வேண்டுமென்றே பின்னியிருக்கிறார்கள். ட்ரோசல்மேயர் பாத்திரங்களைத் தள்ளி விட்டு எழுதுகிறவன். ஃபக்கீர் ஒருத்தியோடு கூடவே நடந்து எழுதுகிறவன். டூட்டூ நீட்டிய கையைப் பற்றி முன்பு சொன்னேனே, அதே மரியாதை இந்த எழுத்திலும் இருக்கிறது: மறுக்கும் உரிமையை எதிரில் இருப்பவரிடம் விட்டுவைப்பது.

இந்தத் தொடர் சொல்லும் நம்பிக்கை எனக்கு அந்த இடத்தில்தான் தெரிகிறது. அந்த நடனத்தால் அரக்கக் காக்கைக்கு ஒரு கீறல்கூட விழுவதில்லை; போர்த்தந்திரம் என்று பார்த்தால் அது வீண் வேலை. ஆனால் ரூவை இழந்து, மீண்டும் தன் இதயத்தை உடைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று நின்றிருந்த மைத்தோ அதைப் பார்க்கிறான். பழைய கதையின் முடிவை அப்படியே திரும்ப நடத்த இருந்தவன், அதை விட்டுவிட்டு ரூவைத் தேடிக் காக்கைக்குள்ளேயே போகிறான். அவளை மீட்டுத் தன் இளவரசியாக ஏற்கிறான்.

ரூவைப் பற்றி நீ கடுமையாக எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கைக்குழந்தையாகக் களவுபோய், காக்கையின் குருதி ஊட்டப்பட்டு, நீ அழகற்ற காக்கைக்குஞ்சு, இளவரசனையும் தகப்பனையும் தவிர உன்னை யாரும் நேசிக்க மாட்டார்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். அஹிருவுக்காவது பதக்கம் என்றோ ஒருநாள் கழலக்கூடியது. ரூவுக்குக் கொடுக்கப்பட்ட பொய் அவள் இரத்தத்திலேயே கலந்திருந்தது. அப்படிப்பட்டவள், மைத்தோவைத் தான் உண்மையாகவே நேசித்தேன் என்பதை உணர்ந்து, அவனுக்காகத் தன்னையே காக்கைக்கு ஒப்புக்கொடுக்கிறாள். ‘வில்லி கடைசியில் இளவரசனைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்’ என்று இதைச் சுருக்குவது, ட்ரோசல்மேயரே மகிழ்ந்து கைதட்டுகிற சுருக்கம்.

விதியை ஏற்பவருக்கு மகிழ்ச்சியும் விதியை எதிர்ப்பவருக்குப் புகழும் உண்டாகட்டும் என்ற ஆசி தொடரில் திரும்பத் திரும்ப வருவதை நீ கவனித்திருப்பாய். எனக்கு அதன் மேல் எப்போதும் ஒரு சின்ன வழக்கு உண்டு. எடெலின் பெயர் அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? வாத்தின் நடனத்தை யார் நினைவு வைத்திருப்பார்கள்? எதிர்த்தவர்களில் பாதிப் பேருக்குப் புகழ் வரவே இல்லை. அவர்கள் அதற்காக எதிர்க்கவும் இல்லை.

கடைசியாக, ஃபக்கீர் ஒரு வரி எழுதி அவளை மறுபடி பெண்ணாக்கக் கூடாதா என்று கேட்டிருந்தாய். அவன் ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான், அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதோடு தொடர் நின்றுவிடுகிறது; அவன் என்ன எழுதுகிறான் என்று நமக்குக் காட்டவில்லை. எழுதுவான் என்று நம்பும் ரசிகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் விருப்பத்தைக் கேட்டால், அவளாகக் கேட்கும் வரை அவன் அந்த வரியை எழுதக் கூடாது என்பேன். அவள் கேட்டால் அன்றைக்கே எழுதட்டும்.

விடுமுறைக்கு வரும்போது 13ஆம் பாகத்தைச் சேர்ந்து பார்ப்போம். ரூவைப் பற்றிய வாதத்தையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

அன்புடன்,
சித்தி