ஒரு சிப்பத்தின் கணக்கு

நீடாமங்கலம்,
ஐப்பசி 5

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். அங்கே நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிவிட்டது. குறுவை அறுவடைக்காகப் பல்கலைக்கழகத்தில் விடுப்பு பெற்று ஊருக்கு வந்த பிறகுதான் பதில் எழுத நேரம் வாய்த்தது. தங்கைக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் குறையவில்லை.

இந்த வயதில் மறுபடியும் எதற்குப் படிப்பு, நீடித்த விநியோகச் சங்கிலி மேலாண்மை என்றால்தான் என்ன என்று கேட்டிருந்தாய். ஒரு பொருள் மண்ணிலிருந்து புறப்பட்டுப் பல கைகள் மாறிப் பயன்படுத்துபவரிடம் சேரும்வரை உள்ள பாதை முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் படிப்பு அது. பணச் செலவோடு, அந்தப் பாதையில் கரையும் நீரையும் எரிபொருளையும், காற்றில் கலக்கும் வாயுவையும், உழைப்பவர்களின் கூலியையும் பாதுகாப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதைத்தான் ‘நீடித்த’ என்ற சொல் குறிக்கிறது. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டபோது, தங்கள் ஆடை அங்கே தைக்கப்பட்டதா என்று சில நிறுவனங்களால் உடனே சொல்லக்கூட முடியவில்லை. அந்தப் பாடம் நடந்த அன்று எனக்கு இரவு உறக்கம் வரவில்லை.

ஆய்வுக்கு ஆளுக்கொரு சங்கிலியைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் கைப்பேசி, கார், பின்னலாடை என்று எடுத்துக்கொண்டார்கள். நான் நம் நெல்லை எடுத்துக்கொண்டேன். அதிலும் களத்திலிருந்து அரிசி ஆலை வரை உள்ள அந்தச் சிறிய தூரத்தை மட்டும்.

சென்ற வாரம் விவசாயிகளிடம் அரசு நெல் வாங்கும் எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் மூன்று நாள் இருந்தேன். அப்பாவின் நெல் பதினோராவது குவியல். எழுத்தர் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியில் போட்டுப் பார்த்து 21 என்றார். வாங்குவதற்கான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். வெயில் தலைகாட்டிய ஒரு மணி நேரத்துக்குள் படுதாவை விலக்கி, அம்மா அந்த வலியோடு நெல்லைக் காலால் கோடு கோடாகக் கிண்டிவிட்டாள். மேற்கே கறுத்ததும் மறுபடியும் கூட்டி மூடினோம். மூன்றாம் நாள் காலையில் குவியலின் அடியில் கைவிட்டபோது சூடாக இருந்தது. வெளியே எடுத்த நெல்லின் நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்து, உலக சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் நீர் வேண்டும் என்பார்கள். ஒரு சிப்பம், அதாவது ஒரு சாக்கு மூட்டை நெல், 40 கிலோ. அப்படியானால் முளைத்துக் கெட்டுப்போகும் ஒவ்வொரு சிப்பத்தோடும் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் நீர் வீணாகிறது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா என்று ஆண்டுதோறும் காத்திருந்து, முறை வைத்துப் பங்கிட்டு, மடைக்கு மடை சண்டையிட்டுக் கொண்டுவந்த நீர் அது. நீர் தேங்கிய வயலிலிருந்து எழுந்த மீத்தேனும் அந்தக் கணக்கில்தான் சேரும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது.

காரணத்தைத் தேடினால் அலட்சியம் என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடவில்லை. அரிவாளால் அறுத்த காலத்தில் தாள் வயலில் ஒரு நாள் காய்ந்து, களத்தில் அடித்து, தூற்றி, உலர்த்தி, ஊருக்கு ஊர் முன்பின்னாக நெல் வந்து சேர்ந்தது. இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் இறங்கினால் ஒரு கிராமத்தின் நெல் முழுவதும் சில நாட்களில் ஈரத்தோடு கொட்டப்படுகிறது. அறுவடையின் வேகம் பல மடங்கு ஏறிவிட்டது; உலர்த்தும் வசதியும் சாக்கும் லாரியும் பழைய வேகத்திலேயே நிற்கின்றன. சாக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது: நம் நெல்லைக் கட்டும் சணல் பெரும்பாலும் மேற்கு வங்கத்து ஆலைகளிலிருந்து வருகிறது. அங்கே ஒரு தாமதம் நேர்ந்தால் இங்கே ஒருவனின் குவியல் நனைகிறது. பொது உலர்களமும், ஊருக்கு ஒரு நெல் உலர்த்தும் இயந்திரமும் அமைவது, இதன் மேல் எழுதப்படும் எத்தனையோ அறிக்கைகளைவிடப் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பாதி புதைத்து, அதற்குள் நீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு பாய்ச்ச வேண்டும்; பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் பாதியளவுக்குக்கூடக் குறையலாம். உனக்குப் பம்புசெட் இருப்பதால் துணிந்து செய். வாய்க்காலை மட்டும் நம்பியிருக்கும் எங்களால், அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் வயலைக் காயவிட முடியாது.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். சீர்காழிப் பக்கம் உங்கள் நிலையத்தில், நெல் கொண்டுவந்து கொட்டிய நாள், எடை போட்ட நாள், லாரி ஏறிய நாள், முதலிலும் கடைசியிலும் காட்டிய ஈரப்பதம் ஆகியவற்றைப் பத்துப் பதினைந்து குவியல்களுக்காவது ஒரு நோட்டில் குறித்து வை. யார் நெல் என்ற பெயர் வேண்டாம். நான் இங்கே குறித்ததோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், அண்ணியிடம் சொல்லிவை.

அன்புடன்,
உன் நண்பன்