பிளாங்பாங்கின் நிலா: ழான்-குளோட் பீவெருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பீவெர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வாட்ச் விளம்பரங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். அவற்றில் என்னைச் சிரிக்கவும் மலைக்கவும் வைத்தது நீங்கள் நடத்திய சுவிஸ் கடிகார நிறுவனமான பிளாங்பாங்கின் வாசகம்தான்: 1735 முதல் பிளாங்பாங்கில் குவார்ட்ஸ் கடிகாரம் இருந்ததில்லை, இனியும் இருக்காது. குவார்ட்ஸ் என்றால், பேட்டரியின் உதவியோடு ஒரு படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் காட்டுவது.

எண்பதுகளில் அப்படிச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் சுவிஸ் கடிகாரத் தொழிலில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் துல்லியத்தில் தோற்றுவிட்டது. நீங்கள் அதை மறுக்கவில்லை, துல்லியம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. சரியான கெட்டிக்காரத்தனம்!

ஆனால் உள்ளே இன்னொரு கதையும் இருக்கிறதே. நீங்களும், கடிகார இயந்திரம் செய்யும் ழாக் பிகேயும் சுமார் 22,000 சுவிஸ் ஃபிராங்க் கொடுத்து வாங்கியது ஒரு பெயரை. அந்தப் பெயரில் கடிகாரம் வருவது அதற்கு முன்பே நின்றிருந்தது. பழைய ஊரான வில்லெரேயில்கூட இல்லாமல் லெ பிராசுவில்தான் மறுபடி தொடங்கினீர்கள். பூட்டிக் கிடந்த கடையிலிருந்து குவார்ட்ஸ் எப்படி வரும்? அந்த இடைவெளியையே கொள்கையாக்கிக் காட்டினீர்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறும்பு.

வாசகம் மட்டும் இருந்திருந்தால் ஒரு வருடத்தில் மறந்திருப்பார்கள். அதைக் காப்பாற்றியது வடிவமைப்பு. அடக்கமான வட்டக் கேஸ், கிழமை, தேதி, மாதம், கீழே கண்ணும் மூக்கும் வரைந்த ஒரு நிலா. ஸ்வாட்ச் என்ற மலிவான பிளாஸ்டிக் குவார்ட்ஸ் கடிகாரம் வந்த 1983-ல், வளர்பிறையா தேய்பிறையா என்று கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியமில்லை. அதனாலேயே அது ஆடம்பரமாயிற்று. பழைய சாமானை ஏக்கத்தோடு விற்கிற இன்றைய விளம்பரங்களில் எனக்கு எரிச்சலூட்டுவது, அந்த நிலாவைப் போல ஒன்றை உருவாக்காமல் பழைய ஆண்டை மட்டும் அச்சடிப்பதுதான்.

1992-ல் பிளாங்பாங்கைச் சுமார் 6 கோடி ஃபிராங்குக்கு எஸ்எம்எச் என்ற சுவிஸ் கடிகாரக் குழுமத்திடம் விற்றீர்கள். ஸ்வாட்ச் செய்கிற அதே குழுமம்! 2022-ல் ஒமேகாவோடு ஸ்வாட்ச் சேர்ந்து செய்த மூன்ஸ்வாட்ச் கடிகாரம் குவார்ட்ஸில் ஓடியது. மறுவருடம் பிளாங்பாங்கோடு சேர்ந்தபோது மட்டும் மெக்கானிக்கல் இயந்திரம் வைத்தார்கள். உங்கள் பழைய வாசகத்துக்குப் பயந்துதான் என்பது என் ஊகம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகன்