சுங்கை சிப்புட் மக்களுக்கு ஒரு விமானியின் நன்றி

பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் மக்களுக்கும், எங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் என்று பிரிந்து போன சொந்தங்களுக்கும் வணக்கம்.

எனக்கு 65 வயது முடிந்துவிட்டது. அதற்கு மேல் பயணிகள் விமானம் ஓட்ட அனுமதி இல்லை. ஆகாயப்படையில் தொடங்கி மாஸில் (மலேசிய விமான நிறுவனத்தில்) முடிந்த என் வேலைக்காலத்தைப் பாராட்டிக் கோயில் மண்டபத்தில் விழா எடுத்தீர்கள். மாலை, பொன்னாடை எல்லாம் எனக்கே வந்தன. பேசியவர்களும் என் திறமையைப் பற்றியே பேசினார்கள். அன்று மேடையில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை, அவர்கள் அதை விரும்பமாட்டார்கள். யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி எங்கள் தோட்டத்துக் கிராணிக்கு, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கு. நான் பிறந்தது 1960-இல். லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பார்கள், கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். டவுனுக்குப் போய்ப் பதிவதற்கு ஒரு நாள் கூலி போய்விடுமே என்று பலர் விட்டுவிடுவார்கள். இந்த மனிதர் வீடு வீடாக விவரம் எழுதிக்கொண்டு, சைக்கிளில் போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் சூரா (பிறப்புச் சான்றிதழ்) எடுத்து வந்து கையில் கொடுப்பார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1962 அக்டோபருக்கு முன்பு, இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. ஆனால் பிறந்ததற்குச் சான்று வேண்டும் இல்லையா? 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கேட்க ஆரம்பித்தபோது, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த எத்தனையோ குடும்பங்கள் பெட்டி கட்டி இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகாயப்படைக்கு மனுப் போட்டபோது என்னிடம் கேட்ட முதல் தாள் அந்தச் சூராதான். ஐயா, நீங்கள் மிதித்த சைக்கிள்தான் என்னை அந்த வாசல்வரை கொண்டுபோய் விட்டது.

அடுத்து டிரஸ்ஸர், தோட்டத்து மருத்துவ உதவியாளர். சின்ன வயதில் எனக்குக் காதில் சீழ் வடியும். எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். டிரஸ்ஸர் அதைத் தடுத்தார். தினமும் சுத்தம் செய்து மருந்து போட்டார். ஒருநாள் தன் செலவில் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனார். அவர் அன்று செய்ததன் மதிப்பு எனக்குப் படையின் மருத்துவச் சோதனையில்தான் புரிந்தது. உயரம் மாறும்போது காற்றழுத்தமும் மாறும். செவிப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாக வேண்டும். செவிப்பறை கெட்டவனை விமானியாக எடுக்கமாட்டார்கள். நான் பிறகு பல ஆண்டு ஓட்டிய கரிபு என்ற படைப் போக்குவரத்து விமானத்தில் இன்றைய பயணிகள் விமானம் போல உள்ளே அழுத்தத்தைக் காக்கும் வசதியே கிடையாது. வானத்தின் அழுத்தம் எதுவோ அதுதான் நம் காதுக்கும்.

தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளிக்குத் தயார்செய்யும் புகுமுக வகுப்புக்குப் போனபோது மலாயும் ஆங்கிலமும் என்னை மிரட்டின. அந்த ஓராண்டும் மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு என் வணக்கம். அம்மாவைப் பற்றி என்ன எழுத? விடியுமுன் பெரட்டுக்கு (பெயர் கூப்பிடும் வரிசைக்கு) நின்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கி வளர்த்தார். 1960-இல் நம் ஊர்த் தலைவர் துன் சம்பந்தன் தொழிலாளர் பணத்தில் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு எடுத்தவர்களில் அவரும் ஒருவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் அந்தப் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய நம்பிக்கை!

அலோர் ஸ்டாரில் புல்டாக் விமானத்தில் பறக்கக் கற்றேன். அப்புறம் கரிபு. இரண்டு பிஸ்டன் எஞ்சின், பின்னால் இறங்கும் கதவு, 32 வீரர்களை ஏற்றலாம், குட்டையான மண் ஓடுதளத்திலும் இறங்கும். நம் ஊர்த் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக்கொல்லப்பட்டதை ஒட்டித்தான் அவசரகாலம் அறிவித்தார்கள். அரிசிப் பொட்டலத்தைக்கூடச் சோதித்த அந்த முள்வேலிக் காலத்தை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1968-இல் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் மீண்டும் தொடங்கி 1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாய் ஒப்பந்தத்தோடுதான் ஓய்ந்தது. அந்த ஆண்டுகளில் பேராக், கிளந்தான் காட்டு முகாம்களுக்கு அரிசியும் மருந்தும் இறக்கினோம். காலையில் பள்ளத்தாக்கெல்லாம் பனிமூட்டம், மதியத்துக்கு மேல் தித்திவங்சா மலைமேல் மேகம் கட்டிவிடும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தில் வேலையை முடிக்க வேண்டும்.

அப்படி ஒரு வேலைக்கு முந்தின இரவு, எஞ்சினைப் பார்த்த மலாய்க்கார கார்ப்பரல் ஒருவர் எண்ணெய் வடிகட்டியில் உலோகத் துகள் இருப்பதைக் கண்டார். எஞ்சினுக்குள் ஏதோ தேய்கிறது என்று அர்த்தம். கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் ஒரு பேரிங் உடையும் நிலையில் இருந்தது. மறுநாள் மலை இடுக்கில் அது உடைந்திருந்தால் இந்த மடலை யார் எழுதுவது? அவரிடமும், விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க எஞ்சின் கழற்றிய மற்ற மெக்கானிக்குகளிடமும் நான் பட்ட கடன் பெரியது. விமானியை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். கையில் கிரீஸ் ஒட்டியவர்களையும் ஒரு நாள் மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

படையிலிருந்து மாஸுக்கு வந்தபோது மறுபடி பரீட்சை, மறுபடி துணை விமானி. அந்த நாட்களில் வீட்டையும் பிள்ளைகளையும் சுமந்த என் மனைவிக்கு நன்றி. ஃபோக்கர் 50, போயிங் 737, 777, கடைசியில் ஏர்பஸ் 330 என்று போனது காலம்.

2014-ஐச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்ச்சில் எங்கள் எம்.எச். 370 விமானம் காணாமல் போனது, ஜூலையில் எம்.எச். 17 சுட்டு வீழ்த்தப்பட்டது. பழகிய முகங்கள் இல்லாமல் போயின. மறுநாளும் சீருடை போட்டு, பயணிகளைப் பார்த்துச் சிரித்து, கதவை மூடிய விமானப் பணிப்பெண்களும் ஆண்களும் காட்டிய தைரியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். அந்த மாதங்களில் எனக்காக மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்த ஊர்ப் பெண்கள், “வேலையை விட்டுடு தம்பி” என்று அழுத அக்காமார்கள், எல்லாரையும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது நம் தோட்டம் முழுக்கச் செம்பனை. லயமும் இல்லை. டிரஸ்ஸர் குடும்பம் வேலை முடிந்து எங்கே குடிபோனது என்று பல பேரிடம் விசாரித்துவிட்டேன், தகவல் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து கோயில் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். அவர் பிள்ளைகளையாவது நேரில் பார்த்துப் பேச வேண்டும். இன்னொன்று: விமானியாகவோ விமான மெக்கானிக்காகவோ ஆக விரும்பும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் அதே மண்டபத்தில் கணிதமும் இயற்பியலும் சொல்லித்தர இருக்கிறேன். கட்டணம் இல்லை. படிவம் நிரப்பவும் உதவுகிறேன். பெற்றோர்கள் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்துப் பிள்ளை,
சுங்கை சிப்புட்