பாதி மாத்திரை: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இந்த மாதமும் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ரிஸ்பெரிடோன் கொடுத்தார்கள். அதன் பக்கவிளைவைத் தடுக்கக் கூடவே போட வேண்டிய டிரைஹெக்ஸிஃபெனிடில் மட்டும் "ஸ்டாக் இல்லைம்மா, அடுத்த வாரம் வந்து பாருங்க." எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை. எழுதினால் அந்த ஜன்னலில் இருக்கும் பெண்ணுக்குத்தான் மெமோ வரும்.

ஒன்று கிடைத்ததே என்று தோன்றலாம். உங்கள் துறை மருத்துவர்களுக்கு விஷயம் தெரியும். இரண்டாவது மாத்திரை இல்லாமல் முதலாவதைப் போட்டால் சிலருக்கு உடம்பு விறைத்துப்போகும், கை நடுங்கும், எச்சில் வழியும். தம்பிக்கு அப்படித்தான். சோற்றை அள்ளி வாய்வரை கொண்டுபோக முடியாமல் தட்டைத் தள்ளிவிடுவான். ஓரிரு நாள் பொறுப்பான், பிறகு ரிஸ்பெரிடோனையும் துப்பிவிடுவான். அவனை எப்படிக் குறை சொல்வது? அப்புறம் தூக்கம் போகும். காதில் குரல்கள் கேட்கத் தொடங்கும். அம்மா சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்பான். வெளிக்கடைக்குப் போனால், அந்த மாத்திரையைப் போதைக்கு வாங்குகிறவர்களும் உண்டு என்பதால், ஓ.பி. சீட்டை நீட்டியும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். இத்தனைக்கும் அது விலை குறைந்த மாத்திரை. எரிச்சலே அதுதான்.

நான் சலுகை கேட்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவு: அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ‘எந்நேரமும்’ என்றே இருக்கிறது. மாத்திரை தடைபடக் கூடாது, அவ்வளவுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்தபிறகு அம்மாவின் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதற்கு நன்றி. ஆனால் அதே அம்மா மகனின் மாத்திரைக்காக நூறு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறார்.

அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் பேரணி நடக்கும். வெயிலில் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடிப்பார்கள், "மனநோயை மறைக்காதீர்கள், சிகிச்சைக்கு வாருங்கள்" என்று. வந்துவிட்டோம் ஐயா, வரிசையில்தான் நிற்கிறோம். மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்றது 2015-16 தேசிய மனநல ஆய்வு. வந்து சேர்ந்த மிச்சப் பேருக்காவது முழு மருந்து கொடுக்கலாமே! 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த நோயாளிகள் 28 பேர் கருகிச் செத்தபோது, குடும்பங்களின் அறியாமை என்று எல்லோரும் எழுதினார்கள். மருந்து நின்று வீடு ரெண்டுபட்ட ராத்திரிகளில் யார் எங்கே கூட்டிப்போகச் சொன்னாலும் போகத் தோன்றும் என்பது எங்களுக்குத் தெரியும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகக் கேட்பது இதுதான்: மனநல மாத்திரைகளை, பக்கவிளைவுக்கான மாத்திரையும் சேர்த்து, மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொடுக்க உத்தரவிடுங்கள். இருப்பு தீரும் முன்பே பக்கத்து மருத்துவமனையிலிருந்து வரவழைக்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வருகிற அந்த ஒரு நாள் அரசு விடுமுறையானால், மறுநாள் வேறொருவர் சீட்டைப் பார்த்து மாத்திரை தர அனுமதியுங்கள். மாத்திரை தடைபடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா