செயலாளர் ஆண்டறிக்கை: சக்கரத்திலேயே கழிந்த ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் கோத்தகிரியிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நமது சிறுவடிவ மாதிரிச் சங்கம் கடந்த ஓராண்டில் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கூட்டம், குன்னூர் பெட்போர்டு பக்கம் நம் உறுப்பினர் ஒருவர் ஒதுக்கித் தந்திருக்கும் கார் ஷெட்டில் நடந்து வந்தது. ஐப்பசியில் ஒரு கூட்டம் மட்டும் மலைப்பாதையில் மண் சரிந்ததால் தள்ளிப்போனது. செயற்குழு 4 முறை கூடியது. பள்ளி மாணவர்கள் 3 பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மற்றபடி இந்த வருடம் முழுக்க நாம் பேசியது, அளந்தது, வார்த்தது, கெடுத்தது, மறுபடி வார்த்தது எல்லாம் ஒன்றுதான்: ராணுவ வண்டி மாதிரிகளுக்கான ரெசின் சக்கரம். ரெசின் என்பது திரவமாகக் கலந்து அச்சில் ஊற்றினால் இறுகிவிடும் பிளாஸ்டிக்.

புது உறுப்பினர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் கட்டுவது 1/35 அளவு, அதாவது நிஜ வண்டியில் 35-ல் ஒரு பங்கு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா கம்பெனி பேந்தர் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு அது. பிறகு உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. இந்த அளவில் வரும் கிட்களில் (பாகங்களை ஒட்டிக் கட்டும் பெட்டிகளில்) வண்டியின் உடல் நன்றாகவே இருக்கும். குறை பெரும்பாலும் சக்கரத்தில்தான். டயர் இரண்டு பாதியாக வந்தால், ஒட்டின கோடு பட்டன் (தரையைப் பிடிக்கும் டயர் மேடுகள்) நடுவிலேயே ஓடும். அதைத் தேய்த்து எடுக்கப் போனால் பட்டனும் சேர்ந்து போய்விடும். வினைல் ரப்பரில் வரும் டயரில் வேறொரு தொல்லை. ரப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ரிம்மைக் கரைக்கும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் 20 வருடங்களுக்கு முன் கட்டின லாரியை ஆனி மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். டயரைத் தொட்டதும் ரிம் வெண்ணெய் மாதிரி விரலோடு வந்தது. ஆசையாகக் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றின வண்டி. அன்றைக்கு ஷெட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இதற்கு மாற்றாகத்தான் கிட்டுக்கு வெளியே தனியாக ரெசின் சக்கரங்கள் விற்கிறார்கள். கொரியாவின் டெஃப் மாடல், போலந்தின் பான்சர் ஆர்ட் போன்றவர்களின் சக்கரங்களை நம்மில் சிலர் வாங்கியிருக்கிறோம். டயரும் ரிம்மும் ஒரே வார்ப்பு. ஒட்டின கோடு கிடையாது. டயரின் பக்கவாட்டில் எழுத்துகூடப் படிக்க முடியும். எல்லாவற்றையும் விட முக்கியம், வண்டியின் பாரம் டயரில் தெரியும். தரையில் படுகிற இடம் தட்டையாகவும், அதற்கு மேலே இரு பக்கமும் லேசாகப் பிதுங்கியும் இருக்கும். கிட் டயர் காற்றில் தொங்குவது மாதிரி வட்டமாக இருக்கும்.

இந்த விஷயத்தை நமக்கு உறைக்க வைத்தவர், ராணுவ வண்டிப் பட்டறையில் பணி செய்து ஓய்வு பெற்று வெலிங்டன் பக்கம் குடியிருக்கும் நம் ஹவில்தார் ஐயா. ஆடி மாதக் கூட்டத்தில் நான் முடித்து வைத்திருந்த ஜீப்பைக் கையில் எடுத்தார். பெயின்ட், சேறு எல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு நேராக வைத்து அடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த வண்டி இன்னும் ரோட்டையே பார்க்கலையே. காத்து அடைச்ச டயர் இப்படியா நிற்கும்?" அந்த ஒரு கேள்வியில் தொடங்கியதுதான் இந்த வருடத்து வேலை.

வாங்கலாம் என்றால் வெளிநாட்டுப் பார்சல் வந்து சேர வாரக்கணக்கில் ஆகிறது. சுங்கத்தில் வேறு பணம் கட்ட வேண்டியிருக்கிறது. பள்ளிப் பையன்களால் அது முடியாது. ஆகவே, ஒரே ஒரு சக்கரத்தையாவது நாமே அளந்து, நாமே வார்த்துப் பார்ப்பது என்று செயற்குழு முடிவு செய்தது. ஜீப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் மலைதான். 1940களின் இறுதியில் மகிந்திரா மும்பையில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய நாளிலிருந்து, எஸ்டேட்களுக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவு விட்டதே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸில் இருந்த அதே 6.00-16 அளவு டயர் இன்றும் இங்கே பழைய ஜீப்புகளில் ஓடுகிறது. நாம் தொட்டு அளக்கக்கூடிய ராணுவ டயர் அது ஒன்றுதான். முகாம் பக்கம் நிற்கும் வண்டிகளை அளக்கவோ படம் எடுக்கவோ கூடாது என்பது சங்கத்தின் பழைய விதி, அதில் மாற்றமில்லை.

காட்டேரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் டிரைவர் அண்ணன் ஒருவர் பெரிய மனது வைத்து ஒரு ஞாயிறு முழுவதும் நமக்காக ஜீப்போடு நின்றார். டேப், மட்டப்பலகை, அட்டை எல்லாம் எடுத்துப் போயிருந்தோம். டயரின் குறுக்களவு சுமார் 28 அங்குலம் வந்தது, அதாவது 711 மி.மீ. அதை 35ஆல் வகுத்தால் 20.3 மி.மீ. டயரின் பக்கத்தில் அட்டையை வைத்து, பிதுங்கும் வளைவை அப்படியே வெட்டி எடுத்தோம். அப்புறம் அண்ணனே ஒரு யோசனை சொன்னார். பின்னால் பச்சைத்தேயிலை மூட்டைகளை ஏற்றினார். பின் ஆக்சில் எங்கள் கண் முன்னாலேயே அரை அங்குலம் இறங்கியது. டயரின் வயிறு பக்கவாட்டில் தள்ளியது. பட்டன் இடுக்கில் காய்ந்திருந்த செம்மண் பொட்டுப் பொட்டாக உதிர்ந்தது. அரை அங்குலம் என்பது 1/35-ல் 0.36 மி.மீ., ஏறக்குறைய ஒரு நகத்தின் தடிமன். அந்த நகத்தின் தடிமனில்தான் பாரம் ஏற்றின வண்டியும் வெறும் வண்டியும் வேறுபடுகின்றன. இந்த வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

மாஸ்டர், அதாவது அச்சு எடுப்பதற்கான மூல மாதிரி, செய்யும் பொறுப்பை லவ்டேலிலிருந்து வரும் உறுப்பினர் ஏற்றார். பிளாஸ்டிக் குழாயைக் கடைந்து உடல், மெல்லிய தகட்டைச் சீவி ஒவ்வொரு பட்டனாக ஒட்டினார். ராணுவ ஜீப்பின் பட்டன் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே பிடிப்புத் தருகிற வகை. டயரின் ஒரு பாதியில் ஒரு பக்கம் பார்த்தும் மறு பாதியில் எதிர்ப்பக்கம் பார்த்தும் இருக்கும். முதல் மாஸ்டரில் இரண்டு பாதியும் ஒரே பக்கம் பார்த்துவிட்டன. ஹவில்தார் ஐயா பார்த்த மாத்திரத்தில் டிராக்டர் டயர் என்றார். மறுபடி உட்கார்ந்து முழுதும் செய்தார் நம் நண்பர். அந்தப் பொறுமைக்குச் சங்கத்தின் நன்றி. ரிம்மும் இரண்டு வகை. ஆரம்பகால வில்லிஸில் முழுத் தட்டு ரிம். பிறகு வந்தது சுற்றிலும் நட்டு வைத்து இரண்டாகப் பிரியும் ரிம். நாம் செய்தது இரண்டாவது வகை.

இனி, நடந்த தவறு. அச்சு தயாரானது புரட்டாசிக் கடைசியில். காத்திருக்க மனமில்லாமல் ஐப்பசியிலேயே வார்க்கத் தொடங்கினோம். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். சுவரில் கை வைத்தால் ஈரம். பாலியூரிதேன் ரெசினில் இரண்டு திரவம். அதில் ஒன்றான ஐசோசயனேட்டுக்குத் தண்ணீர் பட்டால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். காற்றின் ஈரமே அதற்குப் போதும். கலந்து ஊற்றின ரெசின் இட்லி மாவு மாதிரி அச்சுக்கு மேலே பொங்கி வழிந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பொத்தல். அன்று ஊற்றின அத்தனையும் போனது. திறந்து வைத்திருந்த புட்டியும் அதோடு வீண். மழைக்காலத்தில் வார்க்கலாம் என்று சொன்னது செயலாளராகிய நான். அந்தப் பொறுப்பு என்னுடையது என்பதைக் குறிப்பில் பதிவு செய்கிறேன்.

மாசியில் மறுபடி தொடங்கினோம். காற்று காய்ந்திருந்தது, ஆனால் குளிர். குளிரில் ரெசின் தேன் மாதிரி கெட்டியாகி, பட்டன் இடுக்குக்குள் இறங்க மறுக்கும், இறுகவும் நேரமாகும். புட்டிகளை இறுக மூடி வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்தோம். அச்சை ஒரு மரப்பெட்டியில் பல்பு போட்டுச் சூடாக்கினோம். திறந்த புட்டியில் காய்ந்த காற்று அடைத்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தோம். குமிழியை நசுக்க, பெயின்ட் அடிக்கும் பிரஷர் டேங்க் ஒன்றை இரவல் வாங்கினோம். சமையல் குக்கரில் காற்று அடைத்துச் செய்யலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். கூடவே கூடாது. அது அந்த வேலைக்குச் செய்த பாத்திரம் இல்லை. வெடித்தால் உயிர் போகும். இதை வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரெசின் ஊற்றும் வாயை டயரின் தரையில் படுகிற இடத்தில் வைத்தோம். அந்தத் துண்டை அறுத்துத் தேய்க்கும்போது தட்டை தானாகவே அமைகிறது. ஆனால் கை நிற்க வேண்டும். அரை மி.மீ. கூடுதலாகத் தேய்த்துவிட்டால், நிஜ அளவில் 17 மி.மீ.க்கு மேல் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முதல் செட்டில் இன்னொரு பாடமும் கிடைத்தது: ஐந்து சக்கரத்தையும் தட்டையாக வார்த்துவிட்டோம். பின்னால் தொங்குகிற ஸ்டெப்னி தரையையே தொடுவதில்லை, அது முழு வட்டமாக இருக்க வேண்டுமே! அதற்குத் தனி அச்சு செய்தோம். பங்குனிக் கூட்டத்தில் 4 தட்டை, 1 வட்டம் என்று முதல் முழு செட்டை மேசையில் வைத்தபோது, ஹவில்தார் ஐயா பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "இது ஓடும்" என்றார்.

இந்தச் சக்கரங்களைப் பெற்றவர்களுக்குச் சில வார்த்தை. வார்ப்பில் அச்சு விடுப்பெண்ணெய் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவாமல் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும். பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை இதைப் பிடிக்காது, சூப்பர் குளூதான். ஒட்டும்போது வண்டியைக் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, நான்கு தட்டையும் தரையோடு படிந்த பிறகே விடுங்கள். முன் சக்கரத்தைத் திருப்பி வைக்க விரும்பினால், உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தை விடச் சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். கல்லட்டி வளைவில் ஏறும் ஜீப்பாக ஊட்டி உறுப்பினர் செய்திருக்கும் காட்சியில் இது சரியாக வந்திருக்கிறது. வாசலருகே வைத்திருக்கிறோம், பாருங்கள். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ரெசின் கலக்கும் நாளில் ஷெட்டின் இரண்டு கதவும் திறந்திருக்கும், கையுறை இல்லாதவருக்கு வேலை இல்லை. மாணவர்கள் வார்ப்பில் கலந்துகொள்ளப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

டாங்கிப் பிரிவைப் பற்றியும் ஒரு வரி. சோவியத் டாங்கியான டி-55-ஐக் கட்டும் உறுப்பினர் வாங்கின ரெசின் சக்கரங்களில் ரப்பர் ஓரம் கல் பட்டுச் சிதைந்தது வரை வந்திருக்கிறது. பக்கத்துக்கு 5 சக்கரம், ஒவ்வொன்றும் இரட்டைத் தட்டு, ஆக 20 தட்டு. முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே உள்ள அகன்ற இடைவெளியை விட்டுவிடாமல் பொருத்தியிருக்கிறார். ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கியை அடுத்ததாக எடுப்பதாகச் சொல்கிறார். அதற்குப் பக்கத்துக்கு 6.

செயற்குழு எடுத்த ஒரு தீர்மானத்துக்கு உங்கள் ஒப்புதல் தேவை. நம்மிடம் அச்சும் ரெசினும் இருப்பது தெரிந்ததும், கடையில் வாங்கின சக்கர செட் ஒன்றைக் கொடுத்து, அதை வைத்துப் பத்து செட் வார்த்துத் தரும்படி சங்கத்துக்கு வெளியே இருந்து ஒருவர் கேட்டார். பணமும் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டோம். ஒரு மாஸ்டருக்குப் பின்னால் எத்தனை இரவு இருக்கிறது என்பதை லவ்டேல் நண்பரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாம். இன்னொருவர் உட்கார்ந்து செய்ததை நாம் அச்செடுத்து விற்பது திருட்டு. வேலையாகப் பார்த்தாலும் அது சரிவராது: ரெசின் இறுகும்போது சற்றே சுருங்கும், வார்ப்பிலிருந்து வார்ப்பு எடுத்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் சக்கரம் சிறுத்து, பட்டன் மழுங்கும். உறுப்பினர்கள் தாமே செய்த மாஸ்டரிலிருந்து மட்டுமே சங்கத்தில் வார்ப்பது, அதையும் விற்காமல் உறுப்பினர்களுக்குள் அடக்க விலைக்குக் கொடுப்பது என்பதே தீர்மானம்.

வரும் ஆண்டில் வார்ப்பு வேலை தை முதல் பங்குனி வரை மட்டும். மழை மாதங்களில் அளப்பதும் மாஸ்டர் செய்வதும். அடுத்த சக்கரம் எது என்பதை இன்று பொதுக்குழு முடிவு செய்யட்டும். ஜீப்போடு போகும் சிறு டிரெய்லரை எடுக்கலாம் என்பது என் யோசனை, அதற்கும் டயர் அளவு அதேதான்.

ஷெட் தந்த உறுப்பினருக்கும், கூட்டந்தோறும் டீயும் வர்க்கியும் தந்த அவர் வீட்டாருக்கும், காட்டேரி டிரைவர் அண்ணனுக்கும் நன்றி. புட்டியும் அச்சும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்ற பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது. பிரஷர் டேங்க்கை இந்த மாதக் கடைசிக்குள் திருப்பித் தர வேண்டும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
குன்னூர்