பழைய துணியைப் பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் இணைப்பிதழில் வந்திருந்த வீட்டுக்குறிப்பு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பாட்டி காலத்துத் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி செய்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, பாச்சை உருண்டை நாலு போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கெடாது என்று அதில் இருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. 22 வருஷம் நானும் அதையேதான் செய்தேன். கடைசியில் என்ன மிஞ்சியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போய்விட்டது. வெட்ட வேண்டியிருந்தால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், துணியைப் பற்றிச் சொல்வதை மட்டும் வெட்டாதீர்கள்.

அம்மா காலமானபோது அவர் பெட்டியிலிருந்து என் பங்குக்கு வந்தவை: அம்மாவைப் பெற்ற பாட்டி தைத்த 11 கைக்குட்டைகள், இரண்டு தலையணை உறைகள், ஒரு பெரிய மேசைவிரிப்பு. நகையைப் பங்கு போட்டபோது நடந்த பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு நடக்கவில்லை. "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்றார் அக்கா. எடுத்துக்கொண்டேன்.

கைக்குட்டைகள் தாத்தாவுக்காகத் தைத்தவை. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் சிவப்பு நூலில், சங்கிலித் தையலில், 'ரா' என்று தாத்தாவின் முதலெழுத்து. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்ததை ஒரு கோலத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தைத்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு 'ரா'வும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் துணைக்கால் எழுத்தைவிட உயரம். இன்னொன்றில் துணைக்கால் தனியே விலகி, கோபித்துக்கொண்டு போனவர்போல நிற்கிறது. ஒரே ஒரு கைக்குட்டையில் மட்டும் எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. துணியைப் புரட்டிப் போட்டு, பின்பக்கம் தெரிந்த கோட்டின்மேல் தைத்துவிட்டார் போலிருக்கிறது. தாத்தா அதைத்தான் அதிகம் பயன்படுத்தினாராம். அதன் நடுவில் நைந்த இடத்தில் பாட்டி இழையோட்டியிருப்பதை வெளிச்சத்தில் பிடித்தால் பார்க்கலாம்: சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டிப் பாய், ஒரு இழை மேலே ஒரு இழை கீழே என்று, நெய்ததுபோலவே.

இவற்றைத்தான் நான் கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடித்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன். யாருடையது என்று ஒரு சீட்டு எழுதி, அதை ஊக்கால் மேல் கைக்குட்டையில் குத்தியும் வைத்தேன். அந்த ஊக்கைப் பிறகு சொல்கிறேன்.

போன வருஷம் என் அண்ணன் மகள் வந்திருந்தாள். அருங்காட்சியகத்தில் பழந்துணிகளைப் பேணும் பிரிவில் வேலை செய்பவள். பெருமையாக அந்த உறையை எடுத்துக் காட்டினேன். திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை, இதை யாரு பிளாஸ்டிக்ல போட்டது?"

"நான்தான். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றாள். அவள் 'ஒண்ணுமில்ல' என்றால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளையாக உள்ளே போனது பழுப்பாக வெளியே வந்தது. மடிப்பு விழுந்த கோடுகள் மட்டும் இன்னும் கறுத்து, சிலுவை போட்டதுபோல் இருந்தன. ஒன்றை விரித்தபோது அந்தக் கோட்டிலேயே விரலளவுக்குக் கிழிந்தது. நான் இழுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். துணி என்பது உயிரில்லாத பொருள்தான், ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். பையில் அடைத்துவிட்டால் வாங்கிய ஈரம் வெளியே போக வழியில்லை, பூசணம் பிடிக்கிறது. அதிலும் போர்வைக்கு வருகிற அந்த ஜிப் உறை பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது வயதாக ஆக அமில ஆவியை விடும். பருத்தி இழைக்கு அமிலம்தான் முதல் எதிரி, நிறம் மாறி மொடமொடத்துப் போகும். சாதாரண அட்டைப்பெட்டியும் பூச்சில்லாத மரத்தட்டும் இதே வேலையைச் செய்பவைதான். மரத்தட்டைத் தொட்டுக்கொண்டிருந்த மடிப்பு மட்டும் பழுத்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

கஞ்சியைக் கேட்டதும் சிரித்தாள். "விருந்து வச்சிருக்கீங்க அத்தை." ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிராம். கஞ்சியைச் சுரண்டித் தின்கிற சாக்கில் துணியையும் சேர்த்து மேய்ந்துவிடும். பாச்சை உருண்டை போட்டேனே என்றேன். அது துரத்துவது அந்துப்பூச்சியை. அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு, முடி, இறகு. சுத்தமான பருத்தியும் லினனும் அதற்கு வேண்டாத சரக்கு. ஆக, வராத திருடனுக்காக 22 வருஷம் காவல் வைத்திருந்தேன். அந்த உருண்டை நாப்தலீன் என்றால் வேறொரு கவலையும் உண்டு. 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு நாப்தலீன் நெடி ஏறிய துணியைப் போர்த்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆபத்தாகும். பழைய துணியை எடுத்துப் பேரக்குழந்தையைச் சுற்றுவதற்கு முன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். நல்லவேளை, எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இனி ஊக்கு. அது துருப்பிடித்து, திருப்பித் தைத்த 'ரா' இருந்த கைக்குட்டையில் இரண்டு காசளவு வட்டங்களை ஏற்றியிருந்தது. அண்ணன் மகள் கிளம்பிப் போன மறுநாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குளோரின் பிளீச்சை எடுத்து அந்த வட்டங்களில் தடவினேன். துரு முதலில் கறுத்தது. அப்புறம் அலசும்போது வட்டமே கழன்று தண்ணீரோடு போயிற்று. இரும்பும் பிளீச்சும் சேர்ந்தால் பருத்தியை அரித்துத் தின்றுவிடும் என்று தொலைபேசியில் பிறகு சொன்னாள். பட்டுத் துணியாக இருந்திருந்தால் பிளீச்சிலேயே மஞ்சளாகிக் கரைந்திருக்குமாம். இப்போது அந்தக் கைக்குட்டையில் இரண்டு ஓட்டைகள். ஒன்றின் விளிம்பில், நூலிழை தப்பி, எழுத்து நிற்கிறது. இதைவிடப் பெரிய தவறுகளையெல்லாம் வாழ்க்கையில் செய்திருக்கிறேன், ஆனால் எதையும் இப்படிக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடிந்ததில்லை.

மேசைவிரிப்பை மட்டும் அவள் சொன்னபடியே செய்தோம். அந்த ஒரு மத்தியானத்தை விரிவாகச் சொல்ல ஆசை. முதலில் ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்புப் பூத்தையலின்மேல் அழுத்திப் பார்த்தோம். சாயம் ஒட்டினால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. ஒட்டவில்லை. பெரிய தொட்டியில் அடியில் ஒரு வலைத்துணியைப் பரப்பி, அதன்மேல் விரிப்பை வைத்து, வெறும் தண்ணீர் விட்டோம். சோப்பு எதுவும் இல்லை. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் தண்ணீர் தேக்கு மரத்து நிறம்! நாங்கள் கையால்கூடத் தொடவில்லை. பல வருஷம் இழைக்குள் சேர்ந்த அமிலமும் மக்கலும்தான் அந்தப் பழுப்பு. அதில் பாதி வெறும் தண்ணீருக்கே கரைந்து வந்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள், நான் நம்பவில்லை. நாலு முறை தண்ணீர் மாற்றினோம். அப்புறம்தான் வாசனை, நீலம், வெளுப்பான் எதுவும் சேராத மென்மையான சோப்பு, கொஞ்சமாக. கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்.

பிழியக் கூடாது. பருத்தியும் லினனும் நனைந்தால் பலம் கூடுபவைதான், பட்டும் கம்பளியும்தான் நனைந்தால் தளரும். ஆனால் பழைய துணி தான் குடித்த தண்ணீரின் கனத்தைத் தானே தாங்காது. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் கிழியும். அதனால்தான் அடியில் வலை. நாங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு முனையாக வலையைப் பிடித்துத் தூக்கினோம், தூங்குகிற குழந்தையை ஏணையோடு தூக்குவதுபோல. நிழலில், சமமான இடத்தில், தடித்த துவாலைமேல் விரித்துக் காயவைத்தோம். வெயில் வெளுக்க வைக்கும் என்பது உண்மை, அதே வெயில் இழையை நைய வைக்கும் என்பதும் உண்மை. அரை ஈரத்தில் பூத்தையலைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, துவாலைமேல் வைத்து லேசாக இஸ்திரி. நிமிர்த்திப் பார்த்தபோது முடிச்சுத் தையல்கள் ஒவ்வொன்றும் கடுகு மாதிரி எழும்பி நின்றன. பாட்டி அவ்வளவு முடிச்சு போட்டிருந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விரிப்பு வெள்ளைவெளேரென்று ஆகிவிடவில்லை. தந்தத்தின் நிறத்தில் நின்றுவிட்டது. போதும் என்றாள், நானும் போதும் என்றேன்.

இப்போது அது மடிப்பே இல்லாமல் ஓர் உருளையில் சுற்றியிருக்கிறது. உருளை அட்டைதான், ஆனால் அதன்மேல் கஞ்சி போகப் பலமுறை துவைத்த பழைய பருத்தி விரிப்பைச் சுற்றி, அதற்கு மேல்தான் இது. வெளியேயும் அதே மாதிரி ஒரு துணி உறை. சுற்ற முடியாத தலையணை உறைகளின் மடிப்புக்குள் துணியைச் சுருட்டி வைத்திருக்கிறேன், கோடு விழாமல் வளைந்து கொடுக்கட்டும் என்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, வேறு இடத்தில் மடிப்பு வருகிற மாதிரி மாற்றி மடிக்கிறேன். இடமும் மாறிவிட்டது. சூடேறும் மேல்தட்டும் ஈரம் ஏறும் அடித்தட்டும் வேண்டாமென்று நடுத்தட்டு. சீட்டை ஊக்கால் குத்தாமல், ஒரு துண்டு நாடாவில் எழுதி உறைமேல் கட்டியிருக்கிறேன்.

கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமே என்று பலர் சொல்கிறார்கள். அருங்காட்சியகத்தில் துணி வைத்திருக்கும் அறை ஏன் அவ்வளவு இருட்டு என்று யோசித்திருக்கிறீர்களா? அங்கே 50 லக்ஸுக்கு மேல் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் படவிடமாட்டார்கள். வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. கூடத்துச் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் அண்ணன் மகளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே வை என்கிறாள். பாட்டி மூக்கைத் துடைக்கத்தான் கைக்குட்டை தைத்தார். 1924இல் முகப்பூச்சைத் துடைக்க வந்த க்ளீனெக்ஸ் தாளை, 1930 வாக்கில் மூக்குக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அதிலிருந்து துணிக் கைக்குட்டைக்கு வேலை குறைந்துகொண்டே போயிற்று. இழை கெட்டியாக இருக்கும் மூன்றை எடுத்துப் பயன்படுத்துகிறேன். நாலு மடிப்பாக மடித்துக் கைப்பையில் வைக்கும்போது இருக்கிற சுகம் காகிதத்தில் இல்லை.

பழந்துணி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அவள் சொல்லும் கதை ஒன்று உண்டு. எகிப்தில் தர்கான் என்ற இடத்தில் 1913இல் தோண்டியபோது அழுக்கு லினன் துணிக்குவியல் ஒன்று கிடைத்தது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 64 வருஷம் அப்படியே கிடந்து, 1977இல் லண்டனில் சுத்தம் செய்யப் பிரித்தபோது உள்ளே ஒரு சட்டை. 5,000 வருஷத்துக்கும் பழையது, உலகில் கிடைத்த நெய்த உடைகளிலேயே மூத்தது. முழங்கையிலும் அக்குளிலும் போட்டுக் கசங்கிய சுருக்கம் இன்னும் இருக்கிறதாம். எங்கள் வீட்டுத் துணிக்கு அந்த யோகமெல்லாம் கிடையாது. ஆனாலும் ஒரு வருஷம் பயன்படாததையெல்லாம் தூக்கிப் போடு என்று சொல்கிறவர்களோடு அப்புறம் என்னால் பேச முடியவில்லை.

ஆகவே அந்தக் குறிப்பைத் திருத்தி அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன். படித்துவிட்டு யாராவது நாற்காலி போட்டு ஏறுவதற்குள் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி

பி.கு.: பீரோத் தட்டில் விரித்திருந்த செய்தித்தாள் உங்களுடையதுதான். அந்தத் தாளிலும் அமிலம் அதிகமாம், எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். உறைக்குள் அடங்காமல் தனியே வைத்திருந்த தலையணை உறை ஒன்றில் உங்கள் தலைப்புச் செய்தியின் பாதி ஒட்டியிருக்கிறது, இடம் வலமாகத் திரும்பி, பாட்டியின் 'ரா' போலவே.